மனிதனுக்குப் போட்ட கழிவு

அடி வாங்குவதற்காக ரயிலில் முன்பதிவு செய்து போன மனிதன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் எங்கள் சங்கரன்கோவில்காரன். மற்றவர்களை அடி தேடி வரும். இவன் மேல் பெர்த் கேட்டு வாங்கி, சுகமாகத் தூங்கி, தேடிப் போவான்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எட்டுப் பக்கமும் கம்பிவலை அடித்த கூண்டுக்குள் நின்று குத்தி, உதைத்து, கழுத்தை நெரிக்கிற எம்.எம்.ஏ. சண்டைதான் தொழில். அதனால் ‘கூண்டு’. பூ மார்க்கெட்டில் “கூண்டு வாரான்” என்று யாராவது சொன்னால் சுமைக்காரர்கள் சாக்குகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். பயம் இல்லை, தொல்லை.

“அண்ணே, என் முதுகுல ஏறி உக்காந்து கழுத்த நல்லா இறுக்குங்க. நான் எப்படிக் கழண்டு வாரேன்னு பாப்போம்.”

மூட்டை தூக்குகிறவனுக்கு இது என்ன வேலை? ஒருத்தர் பாவம் பார்த்து இறுக்கினார். கூண்டு கழன்று வந்துவிட்டான். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று என் கடைச் சரக்கை இறக்க ஆள் இல்லை.

நான் அந்த மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். பிச்சியும் மல்லியும் வாடுகிற சரக்கு. எனக்கு நயமாகப் பேச நேரம் கிடையாது. என் கடையில் எடை போடுகிறவர் முத்தையா. பூ நனைந்த சாக்கில் வரும். ஈரத்துக்கென்று ஒரு கிலோ கழித்துத்தான் எடையைச் சொல்வோம். அதற்குக் கழிவு என்று பெயர். விவசாயிகள் ஏசுவார்கள். ஏசட்டும். வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருகிறவர்களை எனக்குத் தெரியாதா? முத்தையாவுக்கு இது ரத்தத்தில் ஊறிப்போனது. ஈரம் கண்ணில் பட்டால் வாய் தானாகக் கழித்துவிடும்.

கூண்டுக்குப் பெண் பார்க்கச் சிவகிரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். குத்து வாங்கி வாங்கி அவன் காது இரண்டும் கத்தரி வத்தல் போலச் சுருண்டிருக்கும். பெண்ணின் அப்பா அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளைக்கு என்ன சோலி?”

“சண்டை போடுதது, மாமா.”

“அது எல்லாரு வீட்டுலயும் நடக்கத்தான் செய்யுது. சோலி என்ன?”

“அதான் சோலி.”

“அடி விழுமோ?”

“நல்லா விழும், மாமா!”

அதைப் பெருமையாகச் சொன்னான். கேசரி வருவதற்கு முன்பே நாங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். வழியெல்லாம் திட்டினேன். “பொய் சொல்லச் சொல்லுதியளா அண்ணாச்சி?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அவன் சண்டைகளை மார்க்கெட்டே செல்போனில் பார்க்கும். ஏலக் குரல் நின்றுவிடும், பூ வாடும், எனக்கு எரியும். ஒருமுறை பஞ்சாப் பையன் ஒருவனின் கழுத்தைக் கூண்டு கிடுக்கிப்பிடி போட்டு நெரித்தான். பையன் தோல்வியை ஒத்துக்கொண்டு தரையைத் தட்டினான். உடனே கூண்டு அவனைத் தூக்கி நிறுத்தி, முகத்தைத் துடைத்துவிட்டு, “சாப்டியாலே?” என்று கேட்டான். எடை குறைக்க அவனும் பட்டினிதான் கிடந்திருப்பானாம். கழுத்தை நெரித்தவன் கேட்கிற கேள்வியா இது? பையன் மிரண்டுபோய் மூலைக்கு ஓடினான்.

இந்தத் தொழிலில் எதிராளியைவிடப் பெரிய எமன் எடைதான். சண்டைக்கு முந்தின நாள் தராசில் ஏற்றுவார்கள். கூண்டு சண்டை போடும் பிரிவுக்கு அறுபத்தொரு கிலோ. அவன் சாதாரணமாக எழுபது இருப்பான். சண்டை நெருங்கினால் சோற்றை நிறுத்திவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ராஜபாளையம் ரோட்டில் வெயிலில் ஓடுவான். ஓடி முடித்து, சொட்டச் சொட்ட நனைந்து நேராக என் கடைத் தராசில் வந்து ஏறுவான். வீட்டில் இருக்கிற மெஷினை நம்பமாட்டான். எங்கள் தராசில் அரசாங்க முத்திரை இருக்கிறதாம். ஏறியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான்.

“நம்பரப் பாத்தா எனக்குப் பசிக்கும். நீங்களே சொல்லுங்க முத்தையா அண்ணாச்சி.”

அவர் சொல்வார். இவன் இறங்கிப் போவான். நானும் அதைக் கவனித்ததில்லை. எனக்குப் பூக் கவலை.

அப்போதுதான் இந்தச் சண்டைகளை நடத்துகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வந்தது. சென்னையில் ஒரு சண்டை, ஜெயித்தால் ஒப்பந்தம். கூண்டுக்கு முப்பது தாண்டிவிட்டது. இதை விட்டால் இன்னொன்று வராது என்று அவனுக்கும் தெரியும். மகன் அடி வாங்குவதைப் பார்க்க அவன் அப்பாவுக்குத் தெம்பில்லை. “நீங்க போயிட்டு வாங்க” என்று என்னைத் தள்ளிவிட்டார்.

ஓட்டல் ஹாலில் கோட் போட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டு கண்ணை மூடிக்கொண்டு தராசில் ஏறினான். அறுபத்திரண்டு காட்டியது. ஒரு கிலோ அதிகம். இதுவரை போட்ட சின்னச் சண்டைகளில் ஒரு கிலோ கூடினால் கண்டுகொள்ளமாட்டார்கள், இவர்கள் விடவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் குறைக்காவிட்டால் சண்டையே கிடையாது என்றார்கள். நான் வெளியே வந்து கடைக்குப் போன் போட்டேன்.

“யோவ் முத்தையா, கடைசியா இவனை எடை போட்டப்ப என்ன சொன்னீரு?”

“அறுபத்தொண்ணுதான் மொதலாளி.”

“தராசுல என்னவே காட்டுச்சு?”

“அறுபத்திரண்டு. நனைஞ்சுபோயில்லா வந்தான்? கழிவு போட்டுச் சொன்னேன்.”

“மனுசனுக்கு எதுக்குவே கழிவு!”

“தெனமும் அப்படித்தான மொதலாளி சொல்லுதேன்” என்றார் மெதுவாக.

அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஏற்கெனவே தண்ணீர்கூடக் குடிக்காமல் உலர்ந்து கிடந்தவனை வெந்நீர்த் தொட்டியில் முக்கினார்கள். போர்வையைச் சுற்றி மாடிப்படியில் ஓடவிட்டார்கள். உடம்பில் வியர்க்க என்ன இருக்கிறது? தலையை மழித்தார்கள். ஆசையாக வளர்த்த மீசையும் போனது. முடி என்ன எடை இருந்துவிடப் போகிறது? இருந்தாலும் எடுத்தார்கள். கடைசியில் இரண்டு பேர் துண்டைப் பிடித்து மறைக்க, பிறந்தமேனியாக ஏறி நின்றான். அறுபத்தொன்று.

ஆனால் மறுநாள் கூண்டுக்குள் போனது அவன் இல்லை, அவன் சக்கை. கால் தள்ளாடியது. இரண்டாவது ரவுண்டில் விழுந்த குத்துகளை எல்லாம் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். விழவும் இல்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. நடுவரே குறுக்கே வந்து நிறுத்தினார். கம்பெனிக்காரர்கள் அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டார்கள்.

திரும்பும் ரயிலில் நான் கத்தினேன். “ஊருக்குப் போனதும் அந்த முத்தையாவ என்ன செய்யுதேன் பாரு. உன் பொழப்பையே கெடுத்துட்டானே!”

வீங்கிய வாயைத் திறக்க முடியாமல் திறந்தான். “அவர ஒண்ணும் சொல்லாதிய அண்ணாச்சி. ஈரமாப் போயி நின்னது நான்தான.”

முத்தையா கடைக்கு வரவில்லை. நான் கூப்பிட்டு அனுப்பியும் வரவில்லை. கூண்டுதான் அவர் வீட்டுக்குப் போனான். என்ன பேசினானோ தெரியாது. மொட்டைத் தலையும் கறுத்த கண்ணுமாக, அவரை பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினான். அவர் அழுதுகொண்டே, “நல்லா இருப்ப மக்கா” என்றார். “நீங்க மொதல்ல டீயக் குடிங்க” என்றான்.

இப்போது பெரிய கம்பெனி எதுவும் அவனைக் கூப்பிடுவதில்லை. பெயர் தெரியாத ஊர்களில், கல்யாண மண்டபங்களில் கட்டிய கூண்டுகளில் சண்டை போடுகிறான். பாதி தோற்கிறான். போன வாரமும் போனில் ஏசினேன்.

“போதும்லே. வந்து என் கடைல கணக்குப் பாரு. அடியாவது விழாது.”

“நான் அங்கன வந்துட்டா, போன்ல நீங்க யார ஏசுவிய அண்ணாச்சி?”

பட்டென்று போனை வைத்துவிட்டேன். திமிர் பிடித்தவன். அவனுக்குச் சண்டை இருக்கிற நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் கேட்டால் வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.