மாமிக்கு ஓர் இருக்கை

"இஞ்சருங்க, உம்மா எங்க குந்துற?"

மனைவி நதீரா கேட்ட இந்த ஒரு கேள்வியில் இன்ஸாபின் சிரிப்பு அணைந்துபோனது. அதுவரை அவன் புது மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

சிவப்பு வண்டி. முன்பக்கம் பாயப்போகும் கிடாயைப்போலக் குனிந்திருந்தது. பின்பக்கம் தேளின் கொடுக்கைப்போல வானத்தைப் பார்த்து நின்றது. அந்தக் கொடுக்கின் நுனியில், ஒரு பணிஸ் ரொட்டி அளவுக்குக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பின் இருக்கை.

"இதுலதான்," என்றான் இன்ஸாப், குரலில் பலமில்லாமல்.

"இதுல பூன கூட குந்தாது."

உண்மையில் அவன் காலையில் அக்கரைப்பற்றுக்குப் போனது அகலமான இருக்கையுள்ள ஸ்கூட்டர் ஒன்று வாங்கத்தான். கடைக்கார மீராசா விடவில்லை. "ஸ்கூட்டரெல்லாம் வயசாளிகளுக்கு, காக்கா. உங்கட தோளுக்கு இதுதான் பொருத்தம்" என்றார். இன்ஸாபின் தோளைப் பற்றி அதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை. அவன் விழுந்துவிட்டான்.

திரும்பி வரும் வழியில் நிந்தவூர்வரை அவன் இளவரசன். கைப்பிடியைச் சற்றே முறுக்கினால் போதும், வயலும் வாய்க்காலும் பின்னால் ஓடின. காரைதீவை நெருங்கும்போது மணிக்கட்டு ஒரு முறைப்பாடும் இடுப்பு ஒரு முறைப்பாடும் வைத்தன. தொழுகையில் ருகூவுக்குக் குனிந்தால் நிமிர ஒரு நேரம் வரும். இந்த வண்டியில் அது வரவேயில்லை.

சந்தியில் நின்ற பழைய கூட்டாளி குணம் கையைக் காட்டிக் கத்தினான். "என்ன இன்ஸாப், எதையும் கீழ விழுத்திட்டீங்களா? குனிஞ்சி தேடிக்கிட்டு வாறீங்க!"

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மாமியின் வியாழக்கிழமையை என்ன செய்வது?

வியாழன்தோறும் நதீராவின் உம்மாவான மாமி ஜெமீலாவை நிந்தவூரில் இருக்கும் அவருடைய தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப்போவது இன்ஸாபின் கடமை. மணமுடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது தவறியதில்லை. இறக்கிவிட்டுத் திரும்பிவரும் பழக்கமும் அவனிடம் கிடையாது. மாமி எழும்பும்வரை அங்கேயே கதிரையில் குந்தியிருப்பான். மருமகன் இருக்கும் வீட்டில் பெண்கள் சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை. சகோதரிகள் இருவரும் முக்காட்டை இழுத்துவிட்டு, அவனுக்கு இடியப்பம் அவித்தபடி அடுப்படியில் கிசுகிசுப்பார்கள். எவ்வளவு அடக்கமான குடும்பம் என்று இன்ஸாப் மனதுக்குள் அல்லாஹ்வைப் புகழ்வான்.

மாமி வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். பணிஸைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! நல்ல வடிவான வண்டி. நான் பஸ்ஸுல போறன் மருமகன், என்னப் பத்தி யோசிக்காதீங்க. முந்தநாளும் அக்கரப்பத்துக்குக் கண் காட்ட பஸ்ஸுலதானே போய் வந்த."

இன்ஸாபுக்குக் கண் கலங்கியது. என்ன பொறுமை!

"உங்கள பஸ்ஸுல அனுப்பிட்டு நாளைக்கி மறுமையில நான் என்ன பதில் சொல்ற, மாமி? ஏறுங்க."

ஏறுவதற்குப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று வந்தது. மாமி அதில் ஒரு காலை வைத்ததும் கதிரையின் ஒரு கால் முற்றத்தின் கடற்கரை மணலுக்குள் இறங்கியது. கதிரையை எடுத்துவிட்டு உரலை உருட்டி வந்தான். அதில் ஏறிய மாமி, "இருக்கிற இடம் குத்தும் போல இரிக்கி, மருமகன். பஸ் நல்ல மெத்தெண்டு இரிக்கும்" என்றார்.

உடனே தலகணி வந்தது. அதை, இடுப்பில் உடுத்தும் பழைய சாரன் ஒன்றால் வண்டியின் வாலோடு சேர்த்துக் கட்டினான். தேளுக்குத் தலைப்பாகை வைத்தாற்போல் இருந்தது.

"முதல்ல நீ ஏறு நதீரா. சரியா இருந்தா மாமி ஏறட்டும்."

"நான் என்ன பாவம் செஞ்ச?"

ஆனாலும் ஏறினாள். ஒழுங்கை முடியும் இடத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. இன்ஸாப் பிறேக்கைத் தொட்டான். இந்த வண்டியில் தொட்டாலே போதும். நதீரா தலகணியோடு சறுக்கி அவன் முதுகில் வந்து மோதினாள். அவன் பெற்றோல் தாங்கியில் நெஞ்சு அமுங்கக் கிடந்தான். பெருவிரல் ஹோர்னில் அகப்பட்டு, அது ஓயாமல் அலறியது. அவிழ்ந்த சாரனை வண்டியின் சங்கிலி கடித்து இழுத்தது. தலகணி கிழிந்தது. ஒழுங்கையெங்கும் இலவம்பஞ்சு பறக்க, ஆடு மட்டும் நின்று வேடிக்கை பார்த்தது.

அயலவர்கள் சாரனை வெட்டியெடுத்து, வண்டியை வீட்டுக்குத் தள்ளிவந்து தந்தார்கள்.

"அல்லா காப்பாத்தினான்!" என்றார் மாமி. "இது எனக்குச் சரிவரா மருமகன். இனி வியாழக்கிழமை நான் தனியா பஸ்தான்."

அவர் குரல் நடுங்கியது. அது அழுகையின் நடுக்கம் என்று இன்ஸாப் விளங்கிக்கொண்டான். தன் தோளழகுக்காக ஒரு தாய் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதா? அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்தான்.

"மீராசா, வண்டிய மாத்தணும். நல்ல அகலமான இருக்கையுள்ள ஸ்கூட்டர் ஒண்டக் கொண்டு வாங்க."

மாமிக்கு முகம் வெளுத்தது. "வேணாம் மருமகன்! அவர ஏன் இங்க கூப்பிடுற? பாவம், அவருக்கும் வேல இரிக்குமே!"

"உங்களுக்காக இதுகூடச் செய்யாட்டி நான் என்ன மருமகன்?"

பின்னேரம் இன்ஸாப் அசர் தொழுது வரும்போது மீராசா ஒரு சிறிய லொறியில் ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு வந்திறங்கினார். அதன் இருக்கை, ஆட்கள் குந்தும் ஒரு வாங்கின் அகலம். மாமி பாதி உயரக் கதவுச் சீலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். சீலைக்கு மேலால் ஒரு கை மட்டும் 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆடியது. இன்ஸாப் அதற்கு முதுகு காட்டி நின்றான்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல மீராசா," என்றான் அவன் பெருந்தன்மையோடு. "எங்கட மாமிக்கு ஏற ஏலா. அவவ நான் ஒரு நாளும் தனிய விட மாட்டன்."

மீராசா தலையைச் சொறிந்தார். ஆடிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். பிறகு சீலைக்கு மேலால் எட்டிப்பார்த்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன மாமி இது? 'மருமகன் தங்கமான புள்ள, அவர்ட மனசு நோகப்படாது. நான் ஏறவே ஏலாத வண்டியொண்டாப் பாத்துக் குடுங்க, தங்கச்சியோட ஒரு நாளைக்காவது வாய்விட்டுச் சிரிக்கணும்' எண்டு நீங்கதானே முந்தநாள் கடைக்கி வந்து சொன்னீங்க?"