ஒடுங்கிப்போன படம்

டிக்கோயா
11.06.2025, புதன்

அன்புள்ள ஜீவராணிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், மழையும் சுகமாகப் பெய்கிறது. அங்கே வெயில் உன்னை வாட்டாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

குவைத் வீட்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரந்தான் போனைக் கையில் தருகிறார்கள், அதனால் நாம் இரண்டு பேரும் இருக்கிற படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு அனுப்புங்க என்று கேட்டிருந்தாய். கல்யாணப் படங்கள் மழையில் ஒட்டிப்போன பிறகு நம்மிடம் இருப்பது ஒன்றுதான்: போன வருஷம் நீ லீவில் வந்தபோது பொங்கலன்று நம் லயத்து வீட்டு வாசலில் உன் தம்பி போனில் எடுத்தது. பக்கத்து லயத்துச் சுதர்ஷினியும் வெள்ளிக்கிழமை அங்கே வேலைக்குப் புறப்படுகிறாள், அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு ஹட்டனில் மதுசூதனன் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

உறையை வீட்டுக்கு வந்து திறந்தது என் பிழை. இரண்டு பேரும் மூங்கில் கழி மாதிரி நெட்டையாக நிற்கிறோம். நமக்குப் பின்னால் நின்ற மாடு ஒட்டகம் போல் இருக்கிறது. உனக்கு அங்கே சோறு போடவில்லை என்று உன் அம்மா ஒப்பாரி வைத்து, பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்து ஆள் கூடி, படம் போன வருஷம் இங்கேயே எடுத்தது என்று நான் விளக்கிய பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, "அப்ப இங்கயும் நீங்க சோறு போடலையா மாப்பிள?" என்று கேட்டார்கள்.

மறுநாள் திரும்பப் போனேன். மதுசூதனன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, ஸ்கேல் செட்டிங்கை யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள், அகலமும் உயரமும் சேர்ந்து போகாமல் தனித்தனியாகப் போகிறது, முதலில் இருந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். ஸ்கேல் என்றால் தராசுதானே, எனக்கு உடனே விளங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக மடுவத்துக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிறவன் அல்லவா, முள் சுழியத்தில் நிற்காவிட்டால் எல்லா எடையும் பிழைதான், ஆகவே சாக்கின் எடைக்கு எத்தனை கிலோ கழித்தீர்கள் என்று விசாரித்தேன்.

"அண்ணே, இது கொழுந்து இல்ல, உங்க சம்சாரம்" என்றார்.

பிறகு கண்டியிலிருக்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டார். புரோகிராமை மூடிவிட்டு, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்திக்கொண்டே திறக்க வேண்டுமாம். ஒரு கையில் போன் இருந்ததால் அவருக்குக் கை போதவில்லை; ஒரு விசையை நான் அழுத்திக்கொண்டு நின்றேன். மாற்றியதை எல்லாம் அழித்துவிட்டுப் பழைய நிலைக்கே போகட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மதுசூதனன் வாசித்துச் சொல்லி முடிக்குமுன் "போகட்டும், போகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

படம் சரியாக வந்தது. உன் கன்னம் உன் கன்னமாகவே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ்ஸில் நோர்வூட் வரைக்கும் போய்விட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். ஒடுங்கின படத்தை நாளைக்குக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். இன்னும் பதினாலு மாதம். அதுவரைக்கும் உனக்கு ஒரு குறையும் வராமல் முருகன் பக்கத்திலேயே நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அழகுமுத்து

பி.கு.: இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு உன் அப்பா பார்க்கிறாரே என்று கூச்சப்பட்டு ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறேன். சரியான படத்தில் அந்த ஒரு முழமும் அப்படியே இருக்கிறது. ஒடுங்கின படத்தில் நம் தோள்கள் முட்டுகிற மாதிரி நெருங்கியிருக்கின்றன. உறைக்குள் இப்போது அதைத்தான் மாற்றி வைத்திருக்கிறேன்.