பதினோரு சரக்குக் கஷாயம்

என் மனைவி சுமதிக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையை ஒரு டம்ளர் கஷாயத்தால் கெடுத்தவன் நான். எப்படிச் சுற்றி வளைத்தாலும் கதை இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மைசூரில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு வைத்திருந்தார்கள். சுமதி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொள்ளேகால்காரி. தமிழ், கன்னடம் இரண்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது இந்த ஒரு வேலைக்குத்தான். தேர்வன்று காலையில் அவளுக்குத் தொண்டை லேசாகக் கரகரத்தது.

அப்போது நான் அஞ்சறைப்பெட்டி வைத்தியத்தில் மூழ்கியிருந்தேன் (படித்த இடம்: வாட்ஸ்அப்). மஞ்சளோடு மிளகு சேர்ந்தால்தான் மஞ்சளின் பலன் உடம்பில் ஒட்டும் என்று அதில் வந்திருந்தது. இரண்டுக்கே இவ்வளவு என்றால் பதினொன்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டது மட்டும் என் சொந்த அறிவு.

“ஏனுங்க, வெறும் சுடுதண்ணி போதுமுங்க,” என்றாள்.

“நீ சும்மா இரு. இதெல்லாம் ஒண்ணை ஒண்ணு தூக்கிவிடும்.”

மஞ்சள், மிளகு, சுக்கு, திப்பிலி, பட்டை, கிராம்பு, ஓமம், சீரகம், வெந்தயம், ஏலக்காய், பெருங்காயம். நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். (என்னை நம்பித்தான் குடித்தாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.)

ஆட்டோவிலேயே விக்கல் ஆரம்பித்துவிட்டது.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு வெளியே நான் நின்றேன். உள்ளிருந்து அவள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. “நமஸ்கார, மைசூ… ஹிக்… ரு.” தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி படித்தாள். வானிலையில் ஒரு விக்கல், விவசாயச் செய்தியில் நாலு. தேர்வு நடத்திய அம்மாள் பரிவோடுதான் கன்னடத்தில் கேட்டார், ஏதாவது குடித்துவிட்டு வந்தீர்களா என்று. சுமதி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

“வெறும் சுடுதண்ணிதான் மேடம்,” என்று கன்னடத்திலேயே சொன்னாள், நடுவில் ஒரு விக்கலோடு.

திரும்பி வரும்போது, “ஜீரணத்துக்கு நல்லதுதான்,” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவள் வீடு வரை விக்கிக்கொண்டே வந்தாள்.

வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. சுமதி அதன்பின் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை.

விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று மற்ற வீடுகளில் சொல்வார்கள். கொள்ளேகாலில் என் மாமனார் வீட்டில் யாருக்கு விக்கல் எடுத்தாலும், நான் எதிரிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், மைத்துனன் சமையல்கட்டை எட்டிப் பார்க்கிறான். “மைசூர் மச்சான் வந்திருக்காருங்களா?” எல்லோரும் சிரிக்கிறார்கள். சுமதியும்தான். அவள் சிரித்து முடிக்கும்வரை நான் தட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.