மூச்சு விடாத மூடி

கோடை கழிந்து கூதிர்காலம் தொடங்கிய நாள்கள். கென்டக்கி மலைகளில் மேப்பிள் மரங்கள் ஒவ்வொன்றாகச் செம்மை பூண்டன; ஓக் மரங்கள் அவசரமின்றிப் பழுப்பேறின. பள்ளத்தாக்கில் பால்போல் தேங்கிய பனி, பகலவன் வந்து பணித்த பிறகே விலகியது. ஓசையடங்கிய நிலக்கரிச் சுரங்கங்களின் வாயில் காட்டுத் திராட்சைக் கொடி படர்ந்திருந்தது. உலகமே தலை தாழ்த்தித் துதிப்பது போன்ற பருவம்.

வசந்தத்தில் வந்த பிரதர் டிவிட், அந்தப் பருவத்திலும் கார்களுக்குப் பேயோட்ட எழுந்தருளினார்.

ஞாயிறு பிற்பகல்தோறும் பழைய பந்தயத் திடலில் கூட்டம் முட்டியது. மனிதருக்குக் குணமளிப்போர் மலைக்கு நால்வர் உண்டு. இரும்புக்குக் குணமளிப்பவர் இவர் ஒருவரே. இரும்பு எதிர்க்கேள்வி கேளாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

முதல் வருகையில் பெட்ரோல் டாங்கிக்கு முத்திரை மூடி. தீய ஆவி நுழையாதபடி இறுக அடைப்பது. அடுத்த வருகையில் ஏழு மரக் கிளிப்புகள், துணி காயப்போடும் அதே கிளிப்புகள். எஞ்சின் சூடேறி நின்றால் பெட்ரோல் குழாயில் கிளிப் மாட்டுவது அந்த மலைக்காரர்களின் பரம்பரை வழக்கம். அப்பன் மாட்டினான், பாட்டன் மாட்டினான். ஏன் என்று எவனும் கேட்டதில்லை. பிரதர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இடிவிழுந்த பேரி மரத்தில் செதுக்கியவை என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பேரி மரம் கடையில் பொட்டலமாகவே கிடைத்தது என்பது வேறு கதை.

கிளிப்பை மாட்டி, கண்மூடி, இருபது நிமிடம் செபித்தால் நின்ற கார் கிளம்பியது. உண்மையாகவே கிளம்பியது. இதற்குமேல் சான்று கேட்பவன் நாத்திகன் அல்லவா?

ஓலீட்டா சைஸ்மோர் அப்படிக் கேட்பவள் அல்லள். தந்தை விட்டுப்போன நீல நிறக் கார், வசந்தத்தில் காலைவேளையில் சற்றே இருமியது. பிரதரிடம் கொண்டுபோனாள். மூடி வந்தது. இருமல் அப்படியே இருந்தது. அதனுடன், பத்து மைலுக்கு ஒருமுறை கார் நடுவழியில் உயிரை விட்டது. கிளிப்புகள் வந்தன. கார் நிற்பதும் செபிப்பதும் கிளம்புவதுமாகக் கோடை கழிந்தது.

கணவன் வர்ஜில் முப்பதாண்டு சுரங்கத்தில் உழைத்தவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரம் மும்முறை நாற்பது மைல் தொலைவிலுள்ள மருத்துவமனையில் அவன் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். கார் வழியில் நின்று நின்று சென்றதால், சென்ற புதன் அவன் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றிரவு அவன் கால்கள் வீங்கின, மூச்சு இளைத்தது. ஓலீட்டா கலங்கிப் பிரதரிடம் ஓடினாள்.

காரில் குடியிருப்பது அவள் தந்தையின் ஆவி என்றும், காரைத் தம் பெயருக்கு எழுதிக்கொடுத்தால் தாமே கொண்டுபோய் அடக்கிவிடுவதாகவும் அவர் அருளினார். பிறகு மருத்துவமனைக்கு எதில் போவதென்று கேட்டாள். ஆண்டவர் வழிகாட்டுவார் என்றார். வழியை ஆண்டவருக்கு விட்டவர், வண்டியை மட்டும் தமக்குக் கேட்டார். ஞாயிறன்று எழுதித் தருவதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து திரும்புகையில் மலையேற்றத்தில் கார் நின்றது. ஓலீட்டா கிளிப்புகளை மாட்டிக் கண்மூடினாள். பின்னிருக்கையில் படுத்திருந்த வர்ஜிலின் முதுகுக்குப் பின்னே டாங்கித் தகரம் மெல்ல 'டொக்' என்றது. சுரங்கத்தில் காற்றோட்டம் அடைபட்டால் மலையே எப்படி முனகும் என்று கேட்டுப் பழகிய காது அது.

"ஓலீட்டா, அந்த மூடி போடுறதுக்கு முன்னாடி இந்தக் கார் ஒரு நாளாவது வழியில நின்னிருக்கா?"

"செபத்துக்கு நடுவுல பேசாத கிழவா."

"நின்னிருக்கான்னு கேட்டேன்."

அவள் செபத்தை இன்னும் வேகமாக முணுமுணுத்தாள். நினைத்துப் பார்க்க அஞ்சினாள். ஞாயிறன்று எல்லார் முன்னிலையிலும் ஒருமுறை சோதித்துவிட்டுக் கையெழுத்திடுமாறு அவன் மன்றாடியதற்கு மட்டும் இணங்கினாள்.

ஞாயிறு வந்தது. திடலைச் சுற்றிச் சுற்றிக் காரை ஓட்டினாள். கூட்டம் துதிப்பாடல் முழங்கியது. வழக்கமான தொலைவு ஓடியதும் கார் விக்கி நின்றது. பத்திரத்தை ஒரு கையிலும் பேனாவை மறு கையிலும் ஏந்தி, கருணையே வடிவாகப் பிரதர் வந்தார்.

வர்ஜில் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"பிரதர், செபம் பண்ணுங்க. ஆனா ஒரே நிமிஷம். கடவுளுக்கு எதுக்கு இருபது நிமிஷம்?"

"ஆண்டவரைச் சோதிக்கக் கூடாது, சகோதரா."

"அவரை யாரு சோதிச்சா? நான் உங்களைத்தான் சோதிக்கிறேன்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு தப்பியது. வேறு வழியின்றிப் பிரதர் கிளிப் மாட்டி ஒரு நிமிடம் உரக்கச் செபித்தார். ஓலீட்டா சாவியைத் திருகினாள். எஞ்சின் முனகியது; பிடிக்கவில்லை.

வர்ஜில் கிளிப்புகள் ஏழையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். வீங்கிய காலை இழுத்துப் பின்பக்கம் போய் மூடியைத் திருகினான். 'ஸ்ஸ்ஸ்' என்று, நெடுநேரம் நீரில் மூழ்கியவன் தலைதூக்கி இழுப்பது போல, டாங்கி காற்றைக் குடித்தது.

"இப்பத் திருகும்மா."

நாலு சுற்றில் எஞ்சின் உறுமியது.

பாடல் நின்றது. ஓலீட்டா எஞ்சினை அணைக்காமல் கணவனையே பார்த்தாள்.

"உங்கப்பா பேயா வரல, ஓலீட்டா. டாங்கிக்குள்ள காத்து போகணும், அப்பத்தான் பெட்ரோல் வெளிய வரும். பழைய மூடியில ஓட்டை இருந்துச்சு. இதுல இல்ல. நீ செபிக்கிற நேரத்துல காத்து மெல்ல மெல்லக் கசிஞ்சு உள்ள போயிருக்கு, அவ்ளோதான்."

தொடங்கியது திருகல். இங்கொரு மூடி, அங்கொரு மூடி; சற்றுமுன் ஓடி வந்த கார்களெல்லாம் பாம்புப் புற்றுகளாய்ச் சீறின. பிரதர் தம் வண்டியை நோக்கி நடையை எட்டிப் போட்டார். அவருக்கு முன்பே அங்கே போய் நின்ற ஒரு விறகுவெட்டி, அவர் டாங்கி மூடியை உயர்த்திக் காட்டினான். துருவேறிய பழைய மூடி. நட்டநடுவே அழகான ஓட்டை. ஊரின் டாங்கிகளுக்கெல்லாம் ஆவி பயம். அவருடையதற்கு மட்டும் காற்றோட்டம்.

"பிரதர், உங்க வண்டிக்குப் பேய் பிடிக்காதா?" என்று அவன் கேட்டான்.

பிரதர் மூடியைப் பறித்துக்கொண்டு ஏறினார். வண்டி போயிற்று, எங்கும் நிற்காமல்.

திங்களன்று வர்ஜில் உரிய நேரத்தில் தன் படுக்கையில் படுத்தான். காரின் காலையிருமலுக்கு ஒரு புது ஸ்பார்க் பிளக் போதுமாயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை, தேவாலயத்தில் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவும் வழிபாட்டுக்கான துண்டுகளை ஓலீட்டா துவைத்தாள். வெயிலில் கொடி கட்டி, ஒவ்வொன்றாக விரித்து, அந்த ஏழு கிளிப்புகளால் மாட்டினாள். பிறகு அங்கேயே மண்டியிட்டு, சத்தமின்றி, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டே செபித்தாள்.

நமக்கு மூச்சைத் தந்தவன் மூளையையும் தந்தான். அதற்கு எவனும் மூடி போடாதபடி அவனே நம் எல்லாரையும் காப்பானாக.