எக்கோ அண்ணாச்சியின் ஹர்த்தால் பாட்டு

கேரளத்தில் ஹர்த்தால் வராதா என்று ஏங்கிய ஒரே வியாபாரி எக்கோ அண்ணாச்சியாகத்தான் இருக்க வேண்டும். மற்ற கடைக்காரர்கள் கட்சிகளைத் திட்டிக்கொண்டே ஷட்டரை இறக்குவார்கள். அண்ணாச்சி மட்டும் குளித்து, தலைவாரி, பவுடர் பூசிக்கொண்டு வந்து இறக்குவார்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அவருக்கு அரிசி மொத்த வியாபாரம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும்; ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. கடைக்கு மேலே இருந்த குடோனில் ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு கிடார். சுற்றிலும் கூரை வரை அரிசி மூட்டைகள். அங்கே தனியாக உட்கார்ந்து பாடுவார். பாடிய குரல்மேல் எக்கோவை ஏற்றுவார். அதன்மேல் இன்னொரு எக்கோவை ஏற்றுவார். இந்த வகைக்கு சைக்கடெலிக் இசை என்று பெயராம். எனக்கென்னவோ, கிணற்றில் இறங்கிய ஒருவர் வெளியே வர மனமில்லாமல் பாடுவது போலத்தான் இருந்தது.

மூட்டைகள் பாதிச் சத்தத்தைத்தான் தடுத்தன. மீதி, லாரியும் ஹாரனும் சுமை இறக்குகிறவர்களின் கூச்சலுமாக மைக்குக்குள் ஏறிவிடும். ஒருமுறை அண்ணாச்சி கண்மூடி உருகிப் பாடிய வரிக்கு நடுவில், "அண்ணாச்சி, பொன்னி எவிட எறக்கணும்?" என்ற கேள்வி கணீரென்று பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஹர்த்தாலன்று மட்டும் பதிவு என்று முடிவெடுத்தார்.

எந்தக் கட்சி, என்ன கோரிக்கை என்று ஒருநாளும் கேட்டதில்லை. "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உண்டுல்லா? பாதி நாளுன்னா வேண்டாம்" என்பார். ஒருமுறை கட்சிக்காரர் ஒருவரிடமே நேரில் போய்விட்டார். "ஹர்த்தாலு ஒண்ணாந்தரம் கேட்டேளா. ஆனா ஊர்வலத்தை மட்டும் பழவங்காடி வழியா விட்டா நல்லாருக்கும். இங்க ஒரு பாட்டு பாதில நிக்கி."

கிழக்கேகோட்டையில் எனக்கு ஆபீஸ். குடியிருந்தது அண்ணாச்சி கடைக்குப் பின்னால் ஒரு மாடி அறை. நான் ஊருக்கு வந்தபின் வந்த முதல் ஹர்த்தாலில், பஸ் இல்லாமல் வாசலில் விழித்துக்கொண்டு நின்றவனை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"சாரே, இன்னைக்கு ஆபீஸ் இல்லல்லா? கீபோர்டு அறியுமா?"

"சின்ன வயசுல சர்ச்சுல ஆர்மோனியம் வாசிச்சிருக்கேன் அண்ணாச்சி."

"அது போதும். ரெண்டுலயும் கட்டைதானே? மேல வாங்க."

அடுத்த ஹர்த்தாலில், ஆட்டோ ஓட்ட முடியாமல் தெருமுனையில் உட்கார்ந்திருந்த பைஜு மாட்டினான். முன்பு கோயில் திருவிழாக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசித்தவன். இப்படி வேலைக்குப் போக முடியாத மூன்று பேர் சேர்ந்து ஒரு பேண்ட் ஆனோம். அண்ணாச்சி ஷட்டரில் தொங்கவிடும் பலகையையே பெயராக வைத்துக்கொண்டோம்: 'இன்று கடை விடுமுறை'.

சட்டதிட்டங்கள் கடுமையானவை. மின்விசிறி கூடாது. வாழைக்காய் வறுவல் கூடாது. செல்போன்களைக் கீழே காலி எண்ணெய் டின்னில் போட்டு மூடிவிட வேண்டும். நேரம் பார்க்கக் குடோன் கடிகாரம் மட்டும்தான். அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சுமை இறக்குகிறவர்களுக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. எவ்வளவு உழைத்தாலும் அண்ணாச்சி கடையில் மட்டும் நேரமே நகராது என்பார்கள்.

ஆறு வருஷத்தில் ஏழு பாட்டு தேறியது. எட்டாவது, பதினொரு நிமிஷப் பாட்டு. அதுதான் அண்ணாச்சியின் உயிர். ஆனால் ஹர்த்தால்கள் குறைந்துபோயின. பேப்பரைப் பிரித்து, நாடு அமைதியாக இருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அதற்குள் கடையில் பங்குதாரரான அவருடைய அண்ணன் கெடு வைத்துவிட்டார்: வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து குடோன் முழுக்க, தான் புதிதாக விற்கப்போகும் பிளாஸ்டிக் வாளி, பாட்டும் கூத்தும் அதோடு முடிந்தது.

அந்த வியாழக்கிழமை ஹர்த்தால் வந்தது. அண்ணாச்சி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

காலையில் பாடியபோது தவிட்டுத் தூசியில் பைஜு தும்மினான். அடுத்த தடவை நான் தப்பான கட்டையை அமுக்கினேன். அதற்கடுத்த தடவை ஒரு புறா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. பத்தாவது நிமிஷத்தில் பைஜு மூட்டையில் சாய்ந்து குறட்டை விட்டான். அண்ணாச்சி அவன்மேல் அரிசியை அள்ளி எறிந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து முப்பத்தைந்து. "நேரம் தாராளம். கடைசித் தடவை மக்கா. யாரும் மூச்சு விடப்பிடாது."

பாடினார். இவருக்குள் இப்படி ஒரு குரலா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐந்தாவது நிமிஷம், படபடவென்று சாலைக் கடைத்தெரு முழுவதும் ஒரே சமயத்தில் ஷட்டர்களைத் தூக்கியது. லாரிகள் உறுமின. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. சுமை இறக்குகிறவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடாமலிருக்க, என்றைக்கோ அதை இருபது நிமிஷம் பின்னால் தள்ளி வைத்தவர் அவரேதான்.

"ஆறு வருஷம், சாரே..." என்றார். கண் நிறைந்துவிட்டது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பைஜு நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஷட்டருக்கும் ஓர் அடி கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தான். "நிர்த்தல்லே அண்ணாச்சி! பாடு!" என்று கத்தினான்.

அண்ணாச்சி பாடினார். தெருவை மீறிக் கேட்க வேண்டுமே என்று, எக்கோ எதுவும் இல்லாமல், தொண்டை கிழியப் பாடினார். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு குரல்: "அண்ணாச்சி, பொன்னி எவிட எறக்கணும்?"

அண்ணாச்சி அசரவில்லை. அதே ராகத்தில் பதில் சொன்னார்: "கீழயே எறக்கு மக்கா... கீழயே எறக்கு..."

பல்லவி கிடைத்துவிட்டது. இணையத்தில் போட்டதும், அந்த ஷட்டர் சத்தத்தை எந்தக் கருவியில் செய்தீர்கள் என்று எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். "சாலைலே" என்று அண்ணாச்சி ஒற்றை வார்த்தையில் பதில் போட்டார். வாளிகள் குடோனுக்கு ஏறிவிட்டன. நாங்கள் மேடைக்கு ஏறினோம். முதல் நிகழ்ச்சியில் அரங்கமே "கீழயே எறக்கு" என்று கூடப் பாடியது. சத்தத்துக்குப் பயந்து மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருந்த மனிதர், மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது எனக்குக் கோழிக்கோட்டுக்கு மாற்றலாகிவிட்டது. எங்கேயாவது ஒரு கடையின் ஷட்டர் படபடவென்று ஏறினால், அண்ணாச்சி அடுத்த வரியை எடுப்பார் என்று ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடுகிறேன்.