கலப்புக் குறைப்புத் திட்டம்

பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய் தானாக மேலே வராது. மேலிடத்துக்குப் போகவேண்டிய உண்மையும் அப்படித்தான். ஆகவே கனடாவின் கால்கரி நகரில் ஒரு கம்பெனி, ஒரு கிணற்றில் பலவித வாயுக்களைக் கலந்து அழுத்தி, பக்கத்துக் கிணற்றில் எண்ணெயை ஏற்றிக்கொண்டிருந்தது. வாயுவே அந்தக் கிணற்றை எட்டிவிட்டால் எண்ணெய் நின்றுபோகும்; அது எப்போது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது இங்ரிட் ஃபேரின் உத்தியோகம்.

கணக்கில் ஒரு கோளாறு. நிலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பெட்டிக்குள் ஒரு மிடறு வாயு நுழைந்தாலும், அது பெட்டி முழுக்கக் கலந்துவிட்டதாகக் கொண்டு கம்ப்யூட்டர் உடனே அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடும். சுவர் மாதிரி வரவேண்டிய வாயு திரையில் பனிமூட்டமாக வந்தது. இங்ரிட் பெட்டிகளைப் பொடிப்பொடியாக நறுக்கினாள். மூட்டம் விலகியது. 'வாயுவை நிறுத்தாவிட்டால் மார்ச்சில் கிணறு போய்விடும்' என்று எழுதினாள். அந்தக் கிணற்றில்தான் அவள் தம்பி லோர்னுக்கு வேலை.

மேலாளர் கார்த் படித்தார். "என்னம்மா இது, மூஞ்சியில அடிச்ச மாதிரி! 'போகலாம்'னு போடு."

அவருக்கு மேலே இருந்த பிரெண்டா, "'போகாமலும் இருக்கலாம்'னு சேர்த்துக்குவோமே" என்றாள். உபதலைவர் ஹால்வர்சனின் மேசையை அடைந்தபோது அது, 'கிணற்றின் நிலைமை பொதுவாகத் திருப்திகரம்' என்று கனிந்திருந்தது.

இங்ரிட் நேரே அவர் அறைக்குள் போனாள்.

"நான் எழுதினது வேற, உங்களுக்கு வந்தது வேற. கம்ப்யூட்டர்ல மாதிரியே பெட்டிக்குப் பெட்டி கலந்துடுது."

"கம்ப்யூட்டர்ல இதுக்கு என்ன பண்ணுவே?"

"பெட்டியைச் சின்னதாக்குவேன். எண்ணிக்கை கூடும்."

"பிரமாதம்! ஆபீஸுக்கும் அதையே பண்ணிடுவோம்."

"ஐயோ, ஆபீஸ்ல அது..."

"அடக்கமெல்லாம் வேண்டாம்மா. யோசனை உன்னோடதுதான்."

மேன்மைதங்கிய கலப்புக் குறைப்புத் திட்டம் உதயமாயிற்று. இரண்டு மேலாளர் இருந்த இடத்தில் பதினோரு பேர். யோசனை தந்த பெருமைக்காக இங்ரிட்டும் அதில் ஒருத்தி. ஆற்றைப் பார்த்த ஜன்னல், வெள்ளிக்கிழமைதோறும் டோனட்.

மார்ச்சில் வாயு வந்தது, சொட்டுக்கூடக் கலக்காமல், சுவர் மாதிரி. திட்டப்படி மறுபடி கீழிருந்து கிளம்பிய எச்சரிக்கை அப்போது ஏழாவது மேலாளரிடம் இருந்தது. கிணற்றை மூடினார்கள். லோர்ன் வீட்டோடு உட்கார்ந்தான்.

மே மாதம் இங்ரிட்டின் மேசைக்குக் கீழிருந்து புதுக் கணக்கு வந்தது: 'வடக்குக் கிணறு ஆகஸ்டில் போய்விடும்.' சரியான கணக்குதான். ஆனால் மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. 'போகலாம்' என்று திருத்தி மேலே அனுப்பினாள்.

சாயங்காலம் லோர்ன் கூப்பிட்டான். "அக்கா, வடக்குக் கிணத்துல ஆள் எடுக்கறாங்களாம். வீட்டை வித்துட்டு அங்கேயே குடிபோயிடட்டுமா? உனக்குத் தெரியாததா, சொல்லு."

இங்ரிட் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தாள்.

"நிலைமை பொதுவா திருப்திகரம்தான்டா."