பால்ஹாம் வீட்டுப் புகைப்போர்

வாழ்க, கரி தின்று கனல் உமிழும் கருநிற இரும்படுப்பை அடக்கி ஆண்ட அம்மையே. மாவு படிந்த முழங்கையும் மரக்கரண்டிச் செங்கோலும் உடையாளே. மாலை சூட்ட மணவாளன் எவனும் வாராதிருந்தும், சமையற்கட்டை ஆளும் உரிமை ஒன்றினாலேயே 'மிஸஸ்' என்னும் விருதைச் சூடிய கிராடக்கே, வாழ்க. எட்வர்டு மன்னரின் வெண்குடை நிழலில், லண்டன் மாநகரின் தென்புறத்துப் பால்ஹாமில், ஆலர்டைஸ் இல்லத்தின் நிலவறைச் சமையற்கட்டில் நீ நிகழ்த்திய போரை நாற்றிசையும் கேட்கட்டும்.

போருக்கு வித்திட்ட புதிர் இது. பல குளிர்காலங்களாக ஏவல் கேட்டு எரிந்த அடுப்பு, அந்த வாரம் காரணம் சொல்லாமல் பகைமை பூண்டது. ஊட்டிய கரி பழைய கரி. ஊட்டிய கையும் பழைய கை. ஆயினும் மேலே செல்ல வேண்டிய புகை, மதம் கொண்ட யானைக்கூட்டம்போல் அடுப்பின் வாய்வழியே அறைக்குள் பாய்ந்து, செம்புப் பாத்திரங்களின் ஒளியை அழித்து, கிராடக்கின் இரு கண்களிலும் ஆறு பெருக்கியது. புகைபோக்கி துடைக்கும் ஹாப்டே அழைக்கப்பட்டார். தம் நெடுந்தூரிகையைக் கூரைக்கு மேல் எட்டிப்பார்க்கும்வரை செலுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா. என் தொண்டைகூட இவ்வளவு சுத்தமா இருக்காது."

"அப்ப புகை ஏன் என் மூஞ்சிக்கே வருது?"

"உங்க மூஞ்சி அதுக்குப் புடிச்சிருக்கும்," என்று சொல்லி, தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

வேறொரு வாரமாயிருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் ஆலர்டைஸ் சீமாட்டி மறைநூல்போல் ஓதிவந்த படப் பத்திரிகை, தன் அடுக்களைப் பக்கத்துக்கு அவ்வீட்டைத் தேர்ந்தெடுத்து, வெள்ளிக்கிழமை புகைப்படக்காரர் ஒருவரை அனுப்பவிருந்தது. கொதிக்கும் கொழுப்பில் மாவுக்கரைசலை ஊற்றிச் சுட்டு, பொற்குன்றென உப்பி எழுந்த யார்க்‌ஷையர் புட்டிங்கைக் கையில் ஏந்திக் கிராடக் படத்தில் நிற்க வேண்டும். சீமாட்டி படிக்கட்டில் நின்றபடியே ஆணை பிறப்பித்தாள்.

"குக், வெள்ளிக்கிழமையும் இது புகைஞ்சுதுன்னா கேஸ் அடுப்பே வாங்கிடலாம்னு ஐயா சொல்றாரு. கேஸ் வந்தா சமையலையும் லெட்டியே பாத்துப்பா."

லெட்டி என்பவள், முட்டையை வேகவைக்கச் சொன்னால் உடைத்துவிட்டு வேகவைக்கும் பணிப்பெண். கிராடக்கோ ஐம்பதைத் தாண்டியவள். அந்த வயதில் வெளியேற்றப்பட்ட சமையற்காரியை இன்னொரு வீட்டார் எளிதில் ஏற்க மாட்டார்கள். ஆகவே, அவள் நெஞ்சுக்குள் தும்பை சூடினாள்.

வெள்ளியும் வந்தது. மூன்று கால் ஊன்றிய பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார் பின்ச் என்னும் புகைப்படக்காரர். துணிக்குள்ளிருந்து இருமல் மட்டும் வந்துகொண்டிருந்தது. இவ்வடுப்பின் இயல்பு நுட்பமானது. கனல் மேலே ஏறும் வழியில் ஓவனைச் சுற்றி வளைத்துச் செல்லும். அந்த ஓட்டம் தடைபட்டால் ஓவனுக்குச் சூடு இல்லை. ஓவனில் அனல் பறக்காவிட்டால் புட்டிங் எழாது. மாட்டுக் கொழுப்பு தகரத்தட்டில் மந்தமாகக் கிடந்தது. மாவுக்கரைசல் கிண்ணத்தில் காத்திருந்தது. புகை வென்றுகொண்டிருந்தது.

அவ்வேளை பால்காரர் பின்கதவைத் தட்டினார். லெட்டி கதவைத் திறந்து, வழக்கம்போல் வேண்டிய நேரத்துக்கு மேலும் பேசினாள். அடுப்பு உறுமிற்று, தலைவன் வீழ்ந்த சேனைபோல் புகை திரும்பி ஓடிற்று. கதவு சாத்தப்பட்டது. புகை மீண்டும் படையெடுத்தது. கிராடக் கண்ணீரினூடே அதைக் கண்டாள்.

"லெட்டி, அந்தக் கதவைத் திற."

"மறுபடி அவரு வரலியே."

"அவருக்காக இல்லடி. எனக்காகத் திற."

திறந்தாள், புகை மேலே போயிற்று. சாத்தினாள், கீழே வந்தது. ஆனால் முன்பெல்லாம் கதவைச் சாத்தியும் அடுப்பு ஒழுங்காக எரிந்ததே. அப்போது இல்லாத எது இப்போது வந்தது? கிராடக் சன்னலருகே சென்று விரலால் இடுக்குகளைத் தடவினாள். சட்டத்தைச் சுற்றிலும் மடித்துத் திணித்த காகிதம் கல்போல் இறுகியிருந்தது.

"இது யார் வேலை?"

"என் வேலைதான். அம்மா சொன்னாங்க. பழைய பத்திரிகைய இடுக்குல அடைச்சா குளிர் வராதுன்னு அந்தப் படப் பத்திரிகையிலயே போட்டிருந்துதாம். கதவுக்கு அடியிலயும் அடைச்சிருக்கேன். ஒரு ஓட்டை விடல."

அலமாரியிலிருந்த வினிகர்ப் புட்டி கிராடக்கின் கண்ணில் பட்டது. அதைக் கவிழ்த்தால் வினிகர் ஒரே தாரையாக இறங்காது. வெளியேறும் துளியின் இடத்துக்குக் காற்று உள்ளே நுழைய வேண்டியிருப்பதால், அதே வாயில் இரண்டும் முட்டிமோதிக் குபுகுபுவென்று கொட்டும். புகை மேலே போனால் அந்த அளவு காற்று அறைக்குள் வர வேண்டும். வேறு வழி அடைபட்டதால், அக்காற்று புகைபோக்கி வழியே கீழிறங்கி, புகையையும் இழுத்து வந்தது.

அவள் முதல் காகிதத்தைப் பற்றினாள்.

"எடுக்காதே, குக்," என்றாள் படிக்கட்டிலிருந்த சீமாட்டி. "பத்திரிகைக்காரங்க ஆராய்ஞ்சு எழுதினது."

கறுப்புத் துணி அசைந்தது. "எடுக்கட்டும் அம்மா," என்றது உள்ளிருந்த குரல். "அந்தப் பக்கத்த எழுதுறவர எனக்குத் தெரியும். அவர் வீட்ல அடுப்பே கெடையாது. ஓட்டல்ல சாப்புடுறாரு."

சீமாட்டி வாய் திறக்குமுன், கோட்டையைத் தகர்க்கும் களிறென முழங்கையை ஓங்கினாள் கிராடக். இறகுத்தொப்பி அணிந்த சீமாட்டிகளும், குதிரைப் பந்தயக் கூட்டங்களும், சோப்பு விளம்பரக் குழந்தைகளும் மடிப்பு மடிப்பாக உருவப்பட்டுத் தரையில் குவிய, சன்னல் சற்றே உயர, பனிக்காற்று தூதன்போல் உள்ளே வர, புகை புறமுதுகிட்டு மேலேற, அடுப்பு சிங்கம்போல் முழங்க, கொழுப்பு கொதிக்க, ஊற்றிய கரைசல் உப்பி, விளிம்பேறி, மேருமலையெனப் பொன்னிறத்தில் எழுந்தது. பின்ச் படம் எடுத்தார். சீமாட்டி ஒரு துண்டைச் சுவைத்து, கேஸ் அடுப்புப் பேச்சை ஐயாவிடம் தானே நிறுத்திவிடுவதாகச் சொல்லி, "இனிமே என்ன பண்ணணும், குக்?" என்று கேட்டாள். வாகை சூடிய அவ்வீரத் திருமகள், நெற்றிப் புகைக்கரியைத் துடைத்து, மரக்கரண்டியை உயர்த்தி, வீடாள்வோர் யாவரும் செவிமடுக்கத் தன் பெருமொழியை அருளினாள்.

"சன்னல ரெண்டு விரல் தெறந்து வச்சா போதும், அடுப்பு புகையாது."